உள்ளூர்ப் பையனுக்கு எந்த இடம்? காற்பந்துக் கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் பதின்ம வயதுப் பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுப்பவன் நான். கழகங்கள் உள்ளூர் ஆட்டக்காரரை வளர்க்க வேண்டுமா, வெளிநாட்டாரை வாங்க வேண்டுமா என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சில கேள்விகளில் சூடு அதிகம். அதை ஆறவைக்காமல் அப்படியே தந்திருக்கிறேன்.

கெப்போங் வாசகர்: இறக்குமதி ஆட்டக்காரர்களை அடியோடு நிறுத்தினால்தானே அண்ணா நம் பையன்கள் தேறுவார்கள்?

நிறுத்திப் பார்த்தாயிற்று, தம்பி. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டார் கிடையாது. அந்தக் காலத்தில்தான் கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2009 சீ விளையாட்டில் தங்கம் வந்தது; மறு ஆண்டு தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணமும் வந்தது. அந்தப் போட்டியில் சாஃபி சாலி 5 கோல் போட்டார். தடைக்கு ஆதரவாளர்கள் இதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: 2007இல் தொடங்கிய ஹரிமாவ் மூடா என்ற தேசிய இளையோர் அணித் திட்டத்தில் அந்தப் பையன்கள் பலர் சேர்ந்தே வளர்ந்தார்கள், சேர்ந்தே ஆடினார்கள். வெறும் தடை மட்டும் கிண்ணம் வாங்கித் தந்துவிடாது. 2012இல் கதவு மறுபடி திறந்தது. திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆட்டத்தின் முக்கியமான இடங்களிலேயே உட்கார்ந்துகொண்டதில்தான் வருத்தம்.

ஜெலுத்தோங் வாசகர்: எங்கள் பினாங்கு அரங்கில் 2016இல் ஃபைஸ் சுப்ரி அடித்த கோலுக்கு ஆண்டின் சிறந்த கோலுக்கான பிஃபாவின் புஷ்காஷ் விருதே கிடைத்தது. இந்த மண்ணில் முன்கள ஆட்டக்காரர் ஏன் முளைப்பதில்லை?

அது ப்ரீ கிக்கில் வந்த கோல் என்பதைக் கவனியுங்கள். பந்தை வைத்துவிட்டு யோசித்து அடிக்க நேரம் கிடைத்தது. ஓடும் ஆட்டத்தில் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் நின்று, முதுகில் ஒரு தற்காப்பு ஆட்டக்காரனைச் சுமந்துகொண்டு கோல் அடிப்பது வேறு வித்தை. அதைப் பயிற்சித் திடலில் முழுதாகக் கற்றுவிட முடியாது. ஆட்டத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

கழகம் வெளிநாட்டாருக்குப் பணம் கொடுக்கும்போது எந்த இடத்துக்குக் கொடுக்கிறது? நடுத் தற்காப்பு, நடுக்களம், முன்களம். ஆட்டத்தின் முதுகெலும்பு முழுதும் இறக்குமதி. 2022 மலேசிய சூப்பர் லீக்கில் 29 கோல் போட்டு முதலிடம் பிடித்த பெர்க்சன் பிரேசில்காரர். நம் பையன்களுக்கு மிச்சம் இரண்டு ஓரங்கள். என்னிடம் ஒரு பதினைந்து வயதுப் பையன் இருந்தான். நல்ல உயரம், தலையால் முட்டினால் பந்து இடிபோல் போகும். ஒருநாள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “கோச், என்னை வலது ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள், பெரிய கழகத்தில் அங்கேதான் இடம் கிடைக்கும்” என்றான். அவன் கணக்கில் தவறில்லை. பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை ஒருவனுக்கு எத்தனை நிமிட ஆட்டம் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை வெளிநாட்டார் என்று மட்டும் எண்ணுகிற விதி இதைத் தொடவே தொடாது.

ரவாங் வாசகர்: இங்கிலாந்தில் ‘உள்ளூரில் வளர்ந்தவர்’ என்றால் ஆங்கிலேயரா?

இல்லை. பிரிமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில் வெளியில் வளர்ந்தவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு முன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கழகங்களில் மூன்று ஆண்டு பதிவாகியிருந்தால் போதும். பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. 16 வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்த ஸ்பெயின்காரர் பாப்ரிகாஸ் இந்தக் கணக்கில் உள்ளூர்க்காரராகவே எண்ணப்பட்டார்! ஐரோப்பியக் கிண்ணங்களில் யூஃபா இன்னும் கொஞ்சம் கறார்: உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கென்று ஒதுக்கிய 8 இடங்களில் குறைந்தது 4 பேர் அந்தக் கழகத்திலேயே வளர்ந்திருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பட்டியல் சுருங்கும். நமக்கும் இப்படியொரு விதி வேண்டும் என்பது என் கட்சி.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கணக்காய்வாளர்: வளர்ப்பதில் லாபம் உண்டா?

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவெழுத வேண்டும். கழகமே வளர்த்த பையனுக்கு ஏட்டில் கொள்முதல் விலையே இல்லை. விற்றால் ஏறக்குறைய முழுத் தொகையும் லாபம். ஆறு வயதில் செல்சியில் சேர்ந்த மேசன் மவுண்டை 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 5.5 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். ரசிகர்கள் அழுதார்கள், கணக்குப் பிரிவு சிரித்திருக்கும். கணக்கில் கிடைக்கும் இந்தச் சாதகம், தான் வளர்த்த பையனையே முதலில் விற்கக் கழகத்தைத் தூண்டுகிறது.

சின்னக் கழகங்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆட்டக்காரர் விலைபோனால், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடு பிரித்துத் தர வேண்டும் என்பது பிஃபா விதி. பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் கிடைக்கும்.

செராஸ் வாசகர்: குடியுரிமை கொடுத்துச் சேர்ப்பது?

இங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து ஆடியவரென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரேசிலில் பிறந்த பாவ்லோ ஜோசுவே உங்கள் கோலாலம்பூர் அணிக்காக 2021 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோல் போட்டவர். அவரை யார் அந்நியர் என்பது? தாத்தா பாட்டி பிறந்த ஊரைத் தாளில் காட்டி அழைத்துவருவது வேறு. அந்தத் தாள்கள் போலி என்று 2025 செப்டம்பரில் பிஃபா ஏழு பேருக்குத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் விதித்ததைப் பார்த்தோமே.

பிறையிலிருந்து ஒரு தாயார்: கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் காலம்போல் தமிழ்ப் பிள்ளைகள் தேசிய அணியில் ஏன் இல்லை, ஐயா?

தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது, அம்மா. வேலை முடிந்து அப்பாவும் மகனும் ஒரே பந்தைத் துரத்துவார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபோது திடல் கூடவே வரவில்லை. இப்போது திடலுக்கு வாடகை, பயிற்சிக்கு மாதக் கட்டணம், வேன் செலவு. திறமை குறையவில்லை, தேசிய அணிக்கு ஆடிய எஸ். குணாளன் போன்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியில் உருவான பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022இல் ஒரு வெளிநாட்டாரும் இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. அடுத்த பருவத்துக்கு முன் லீக்கிலிருந்தே விலகியது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே தாயார்: என் மகனுக்கு 12 வயது. எங்கே சேர்க்கலாம்?

சேர்க்கும் முன் ஒரு வாரநாள் மாலை போய் ஓரமாக நின்று பாருங்கள். பந்துக்காக வரிசையில் நிற்கும் நேரம் அதிகமா, பந்தைத் தொடும் நேரம் அதிகமா? அவர்கள் வளர்த்த பையன்களில் எத்தனை பேர் இப்போது மூத்தோர் அணியில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்; பெயர் சொல்லட்டும். ஐரோப்பாவில் தேர்வு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ரிங்கிட் முன்பணம் கேட்டால், மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.