கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட் கோர்ட்டில் நிற்குமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் எங்கள் கிணறு. சற்று மேட்டில் ஒரு தோல் தொழிற்சாலை. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. காலி வாட்டர் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தோம். தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. ‘இது எந்தக் கிணற்றுத் தண்ணீரோ?’ என்கிறது எதிர்த்தரப்பு. திரும்பவும் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். ரிப்போர்ட்டில் ‘மாதிரி: வாடிக்கையாளர் கொடுத்தது’ என்று போட்டிருக்கும். எண் சரியாகவே இருக்கலாம். அது உங்கள் கிணற்று எண் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

இம்முறை லேப் ஆளே வந்து தண்ணீர் எடுக்கட்டும். லேபுக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீரில் குரோமியம் பார்ப்பது அந்த அங்கீகாரத்தில் அடங்குகிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள், பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் இருக்கிறது.

குரோமியம் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை (அமில-காரத்தன்மை அளவு) 2-க்குக் கீழே இறக்க வேண்டும். விடாவிட்டால் உலோகம் பாட்டிலின் உள்சுவரில் படிந்து, ரிப்போர்ட்டில் அளவு குறைந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 சொல்லும் வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் குறைந்தாலும் நஷ்டம் உங்களுக்கு. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு முதலானவற்றின் மொத்த அளவு) பார்க்க அமிலம் விடாத தனி பாட்டில். அது ஐஸ் பெட்டியில் போக வேண்டும்.

லேபிளில் இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. மூடியின் மேல் சீல். பாட்டில் கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவர், வாங்கியவர், நேரம் மூன்றையும் பதியச் சொல்லுங்கள். ‘சீல் உடையாமல் வந்தது’ என்று லேபும் எழுதித் தர வேண்டும். ஒரு ராத்திரி பாட்டில் யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியாமல் போனால், வக்கீல் பிடிப்பது அந்த ராத்திரியைத்தான்.

அன்றைக்கே தொழிற்சாலைக்கும் மேலே உள்ள ஒரு கிணற்றிலும் எடுங்கள். ‘இந்த மண்ணே உப்பு’ என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

கழிவுநீரை நீங்களே சுவரேறிப் பிடிக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுங்கள். 1974 நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து சீல் வைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தவறினால் அந்த முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது.

பழைய ரிப்போர்ட்டையும் வக்கீலிடம் காட்டுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் போவதென்றால் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு; இழப்பீடு கேட்க 5 வருடம். நாள் கணக்கை எதிர்த்தரப்பு அந்த ரிப்போர்ட்டின் தேதியிலிருந்தே தொடங்கப் பார்க்கும்.