பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. தெருக்காரர்களே சேர்ந்து அதைப் பூங்காவாக்க முடியுமா?

முடியும். சென்னைப் புறநகரில் எங்கள் நகரில் அப்படித்தான் செய்தோம். நான்கு கிரவுண்டு (9,600 சதுர அடி) இடம். சீமைக்கருவேலமும் வீடு இடித்துக் கொட்டிய ரப்பீஷுமாகக் கிடந்தது.

முதலில் இடம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் (மனைப்பிரிவு) என்றால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகவே எழுதித் தந்தாக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டிவிட்டுப் போக முடியாது. பிளானில் பச்சை அடித்து 'பூங்கா' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த சர்வே எண்ணுக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள், பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். எங்கள் இடத்தில் பக்கத்து மனைக்காரர் ஆறடி உள்ளே தள்ளிக் கல் ஊன்றியிருந்தார். சர்வேயர் அளந்து எல்லை காட்டும்வரை நாங்கள் ஒரு செடியும் வைக்கவில்லை.

இடம் உள்ளாட்சியுடையது என்பதால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். காம்பவுண்டு, நடைபாதை மாதிரி பெரிய செலவுக்கு, மக்கள் பங்கோடு அரசும் பணம் போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கலாம். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும்.

மரங்கள் விஷயத்தில் 2016 டிசம்பர் வர்தா புயல் எங்களுக்குப் பாடம் சொல்லியிருந்தது. தெருவில் குல்மொஹர் வரிசையே சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் என்று முடிவு செய்தோம். இரண்டடிக் குழி, ரப்பீஷை அள்ளிவிட்டு செம்மண்ணும் தொழுவுரமும். ஐப்பசியில் வைத்தால் இரண்டு மாத மழை கிடைக்கும்.

ஆனால் நடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்றைக்கு அறுபது பேர் வந்தார்கள். மார்ச்சில் குடம் தூக்க நான்கு பேர்தான் இருந்தோம். நாற்பது கன்றில் பதினேழு காய்ந்துபோனது. அந்தக் கோடையை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. எல்லாருக்கும் பொது என்று விட்டதுதான் தப்பு. அடுத்த ஐப்பசியில் வீட்டுக்கு ஒரு கன்று என்று பிரித்தோம். கன்றைச் சுற்றிய முள்வேலியில் அந்தந்த வீட்டு எண்ணைத் தகரத்தில் எழுதி மாட்டினோம். இரண்டு கோடை முழுக்க அந்த வீடுதான் பொறுப்பு. பணம் வசூலிப்பதைவிட இந்த ஒரு ஏற்பாட்டுக்கு மெனக்கெடுங்கள்.

எதிர்வீட்டு அம்மா தினமும் காலையில் கழுநீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து தன் புங்கனுக்கு ஊற்றுவார். மகளின் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியோடு அந்த வாளியையும் எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். இப்போது அந்த மரத்தடியில்தான் எங்கள் சங்கக் கூட்டமே நடக்கிறது.