ஆள் இறங்க முன் மீற்றர் இறங்கட்டும்: நச்சு வாயு பற்றிய கேள்வி பதில்

கிணறு, மலக்குழி, ஐஸ் கொம்பனி, நெல் களஞ்சியம் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வேலைத்தலங்களில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வாயு அளப்பதே என் தொழில் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இடையில் வரும் பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மலக்குழி மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் விடுவோம். நாற்றம் அடங்கியதும் இறங்கலாம்தானே ஐயா?

பதில்: இறங்காதீர்கள் தம்பி. அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டுடையது. 1 பிபிஎம்முக்குக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கிற நேரம், வாயு கூடிய நேரமாகவும் இருக்கலாம். 1000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். அத்தோடு, சேற்றைக் காலால் கலக்கும்போதுதான் அடியில் அடைபட்டிருந்த வாயு கிளம்பும். கழிவு உறிஞ்சும் பவுசர் வெளியில் நின்றே செய்யக்கூடிய வேலைக்கு ஒருவர் ஏன் உள்ளே போக வேண்டும்?

கேள்வி (சம்மாந்துறை): நானா, கிணற்றுக்குள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணையாவிட்டால் பயமில்லையா?

பதில்: போதாது. காற்றில் ஒட்சிசன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். வாயு அளக்கும் மீற்றர் 19.5 சதவீதத்திலேயே கத்தத் தொடங்கும். எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு எவ்வளவு இருந்தாலும் விளக்கு காட்டிக்கொடுக்காது. எரியும் வாயுவான மெதேன் இருந்தால் அந்த விளக்கே தீ வைத்துவிடும்.

கிணறு இறைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே வைத்த பம்ப் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்காது. அதனால் பெற்றோல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மின்சார மோட்டரை வாடகைக்காவது எடுங்கள்.

கேள்வி (கல்முனை): நாலு வாயு மீற்றர் ஒன்று வாங்கினோம். பாவிக்கும் முறையைச் சொல்லுங்கள்.

பதில்: ஒட்சிசன், எரியும் வாயு, ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு என்ற நாலையும் காட்டும் மீற்றர் அது. வாகனப் புகை இல்லாத திறந்த வெளியில் போடுங்கள். ஒட்சிசன் 20.9, மற்ற மூன்றும் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கு உள்ளே இறங்கும் வேலை வேண்டாம்.

பிறகு மூடியைக் கொஞ்சமாக நீக்கி, அந்த இடைவெளியால் மீற்றரில் பொருத்திய ரியூபை விடுங்கள். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். மெதேன் மேலே ஏறும், ஐதரசன் சல்பைட்டு அடியில் தங்கும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடமாவது நில்லுங்கள். அடியில் உள்ள காற்று ரியூப் வழியாக மேலே வரவும் நேரம் வேண்டும், சென்சர் அதை உணரவும் நேரம் வேண்டும். பலர் ரியூபை அடிவரை விட்டு, இலக்கம் மாறவில்லை என்று உடனே இழுத்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது வெளிக்காற்றின் இலக்கம். ரியூப் நுனி தண்ணீரில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒட்சிசனைப் பாருங்கள். எரியும் வாயுவைக் காட்டும் சென்சர் பெரும்பாலும் ஒட்சிசன் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். அடுத்தது எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயுக்கள். ஐதரசன் சல்பைட்டு 10, காபனோரொட்சைட்டு 35 பிபிஎம் தாண்டினால் சத்தம் போடும்படி வைப்பது வழக்கம். எல்லாம் சரியாக இருந்து ஆள் இறங்கினாலும், வெளியே வரும்வரை மீற்றர் அவர் நெஞ்சிலேயே ஓட வேண்டும்.

கேள்வி (அம்பாறை): நொதித்தல் தொட்டி கழுவுகிறோம். ஒட்சிசன் 20 காட்டுகிறது, ஆனாலும் தலை சுற்றுகிறது. ஏன்?

பதில்: உடனே வேலையை நிறுத்துங்கள். காபனீரொட்சைட்டாக இருக்கலாம். சாதாரண நாலு வாயு மீற்றரில் அதற்குச் சென்சர் கிடையாது. அது 4 சதவீதம் கலந்தாலே உயிருக்கு ஆபத்து, ஆனால் அப்போதும் ஒட்சிசன் 20க்குச் சற்று மேலேதான் நிற்கும், மீற்றர் கத்தாது. காபனீரொட்சைட்டுக்கென்றே ஒரு மீற்றர் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): ஐஸ் கொம்பனியில் அமோனியாக் கசிவை எப்படிப் பிடிப்பது?

பதில்: அமோனியா காற்றை விட இலேசு, அதனால் சென்சரைக் கூரைப் பக்கம் வையுங்கள். கொம்பிரசருக்கு அருகிலும் ஒன்று வேண்டும். ஆனால் திரவமாகப் பீறினால் குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு பரவும். சிறு கசிவுக்கு, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை மூட்டுகளில் பிடித்தால் நீலமாகும். எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம் எல்லை, 300 என்றால் ஓட வேண்டும்.

கேள்வி (அக்கரைப்பற்று): நெல் மூட்டைகளுக்குப் பூச்சி கொல்லும் மாத்திரை வைத்து மூடுகிறோம். காவலாளி பக்கத்து அறையில் படுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த மாத்திரை ஈரம் பட்டு வெளிவிடுவது பொஸ்பீன் என்ற நச்சு வாயு. எல்லை 0.3 பிபிஎம்தான். சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு எதனாலும் வந்துவிடும். உள்ளிப்பூண்டு மணம் வரும் என்பதை நம்பி இருக்கவும் முடியாது.

கேள்வி (செங்கலடி): உள்ளே போனவர் விழுந்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: பின்னால் இறங்காதீர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் சொன்ன கணக்குப்படி, இப்படியான இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். இறங்கும்போதே இடுப்பு, தோளோடு பட்டி கட்டிக் கயிற்றைக் குழி வாய்க்கு மேல் நிறுத்திய மூன்று கால் சட்டத்தில் மாட்டியிருந்தால், வெளியில் நின்றே இழுத்துவிடலாம். அது இல்லாவிட்டால் ஊதுவிசிறியால் நல்ல காற்றை உள்ளே செலுத்துங்கள், தீயணைப்புப் படையின் 110க்கும் அம்புலன்ஸின் 1990க்கும் அழையுங்கள். சொந்தத் தம்பி விழுந்து கிடக்கும்போது கரையில் நிற்பது எவ்வளவு கொடுமை என்று தெரியும். நீங்களும் விழுந்துவிட்டால் அவரை மேலே எடுக்க ஆள் இருக்காது.

கேள்வி (ஏறாவூர்): பழைய மீற்றர் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: சென்சர்களின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். அளவு தெரிந்த சோதனை வாயுவை மீற்றரில் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.