ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காக அடகுக்குப் போகும் வளையல்

கேள்வி: தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. கணவருக்கு 66 வயது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் 3,400 ரூபாய், மாடி வாடகை 7,500. 2023-ல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரே கணக்காகப் போட்ட 18 லட்சத்தின் வட்டியும் வருகிறது. வங்கியில் 90,000 இருக்கிறது. மருந்தோடு சேர்த்து மாதச் செலவு 19,500. மகன் பெங்களூரில், மகள் ஓசூரில். பொங்கலுக்கும் மே லீவுக்கும் வருவார்கள். கிளம்பும்போது மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் தங்கக் காசு, மகன் மகள் கையில் ஒரு கவர். இதற்காக 2023 பொங்கலிலிருந்து வருஷத்துக்கு 2 சவரன், 60,000 ரூபாய் என்று நான்கு முறை அடகு வைத்துவிட்டேன். ஒன்றரை வட்டி. பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தப் பொங்கல் முடிந்து ஷூ மாட்டிக்கொண்டே மகன், ஃபிளாட் வாங்க 5 லட்சம் கேட்டான். இவர் "பார்க்கலாம்பா" என்றார். என்ன செய்வது? பேரன் பெயரில் சைல்டு பிளான் இன்ஷூரன்ஸ், செல்போன் ஆப்பில் வாங்கும் டிஜிட்டல் தங்கம் என்றும் பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறான்.

பதில்: அம்மா, சிக்கனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. 19,500-க்குள் இரண்டு பேர், அதுவும் மருந்தோடு சேர்த்துக் குடும்பம் நடத்துகிறீர்கள். உங்கள் வீட்டில் பணம் ஒழுகுவது ஒரே இடத்தில்தான். வாசலில் ஆட்டோ நிற்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம் எனக்கும் தெரியும். காசிமேட்டில் காலையிலேயே வாங்கிய வஞ்சிரம் வறுவலாகி, ஃபாயிலில் சுற்றிப் பைக்குள் போயிருக்கும். கருவாடு தனிப் பொட்டலம். சின்னது உங்கள் முந்தானையை விடாது. தொண்டை அடைக்கும். பேச்சு வராத அந்த நேரத்தில் கை தானாகக் கவரைத் தேடுகிறது. என் அம்மாவும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினால், காட்பாடி தாண்டிக் கைக்குட்டையை எடுக்கும்போது மடித்த ஐந்நூறு ரூபாய் கீழே விழும். அது அம்மாவின் சேமிப்பிலிருந்து வந்த பணம். நீங்கள் கொடுப்பது அடகுக் கடைப் பணம். நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். 18 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மாதத்துக்கு 12,300. பென்ஷனும் வாடகையும் சேர்ந்தால் 23,200. செலவு போக மீதி 3,700. அடகு வட்டியோ 2,40,000-க்கு மாதம் 3,600. கையில் நிற்பது நூறு ரூபாய். இதுவரை கட்டிய வட்டி, முதல் வருஷம் 10,800, அடுத்தது 21,600, அதற்கடுத்தது 32,400, ஆக 64,800. இந்த வருஷமும் இப்படியே போனால் இன்னொரு 43,200. வருஷா வருஷம் அடகுச் சீட்டைப் புதுப்பிக்கிறீர்களே தவிர, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

நான்கும் தனித்தனிச் சீட்டு என்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. வங்கியில் இருக்கும் 90,000-இல் 60,000 எடுத்து ஒரு சீட்டை மீட்டுவிடுங்கள். அந்த 2 சவரனை விற்றுவிடுங்கள். சென்னையில் சவரன் விலை 2025 டிசம்பரிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியது. பழைய நகை, கழிவு என்று தாராளமாகவே குறைத்தாலும் 1,80,000 கைக்கு வரும். மீதி மூன்று சீட்டின் அசலும் அதே 1,80,000-தான். ஆக 2 சவரன் போய் 6 சவரன் வீட்டுக்குத் திரும்பும். நகையை விற்கச் சொல்கிறானே என்று மனசு கேட்காது, தெரியும். ஆனால் வட்டி கட்டியே 8 சவரனையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மாதம் மிச்சமாகும் 3,600-ஐ வங்கியிலேயே போட்டு வந்தால், எடுத்த 60,000 சுமார் 17 மாதத்தில் நிரம்பிவிடும். அதுவரை தங்கக் காசு வேண்டாம். ஒரு குண்டுமணிகூட வேண்டாம்.

மகனின் 5 லட்சத்துக்கு வருகிறேன். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒரே கணக்கிலிருந்து கொஞ்சம் மட்டும் பிரித்து எடுக்க முடியாது. முழுக் கணக்கையும் மூட வேண்டும். இரண்டு வருஷம் தாண்டியிருப்பதால் அசலில் 1 சதவீதம், அதாவது 18,000 பிடிப்பார்கள். மீதி 12,82,000-ஐ அதே வட்டிக்கு மறுபடி போட்டாலும் மாத வருமானத்தில் ஏறக்குறைய 3,540 குறையும். கடன் அடைந்து மிச்சமாகும் தொகை ஏறக்குறைய மொத்தமும் அங்கேயே போய்விடும். அதற்குமேல் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடி அடகுக் கடைதான். மகனுக்குச் சம்பளம் இருக்கிறது, கடன் வாங்கவும் அடைக்கவும் இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த 18 லட்சத்தை விட்டால் வேறு இல்லை. எனவே முடியாது என்று சொல்லத்தான் வேண்டும்.

அதைச் சீக்கிரம் சொல்லுங்கள். அப்பா "பார்க்கலாம்பா" என்றால் பிள்ளை காதில் அது "சரி" என்றுதான் விழுந்திருக்கும். அதை நம்பி அவன் பில்டருக்கு டோக்கன் கொடுத்துவிட்டால் அப்புறம் மனஸ்தாபம்தான் மிஞ்சும். வரும் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த நேரமாகப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போன் செய்யுங்கள். அடகு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் வருத்தியது "பிள்ளைகளுக்குத் தெரியாது" என்ற வரிதான். அம்மாவின் வளையலை வைத்து வந்த காசு என்று தெரிந்தால், கவரை வாங்க எந்தப் பிள்ளையின் கை நீளும்? தெரியாமல் வாங்கியதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சைல்டு பிளான் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 66 வயதில் பத்து வருஷத்துக்குப் பிரீமியம் கட்டும் பொறுப்பு எதற்கு? நடுவில் நிறுத்தினால் கட்டியது முழுசாகத் திரும்பி வராது. பேரனின் படிப்பை அவனைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டிஜிட்டல் தங்கம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டுக்குள் வராது. 2025 நவம்பரில் செபியே இதை எச்சரித்து அறிக்கை விட்டது. வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. தம்பி நல்ல பையனாகவே இருக்கட்டும், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

மே மாதம் பிள்ளைகள் வரும்போது என்ன கொடுப்பது என்று நிச்சயம் யோசிப்பீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு புது நூறு ரூபாய் நோட்டு, நெற்றியில் குங்குமம். மீன் வறுவலும் கருவாடும் எப்போதும் போல. ஆட்டோவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரல் வரை நீங்களும் கூடவே போங்கள். சின்னதை மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.