நண்பரின் பண்ணையில் வேட்டை: நமீபியாவில் எந்த அனுமதி வேண்டும்?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். அங்கே வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன். நமீபியாவில் ஒச்சிவரோங்கோ பக்கம் பண்ணை வைத்திருக்கும் நண்பர் டிசம்பர் விடுமுறைக்கு அழைத்திருக்கிறார். ஒரு குடூ, ஒரு ஓரிக்ஸ் (இரண்டும் மான் போன்ற பெரிய ஆப்பிரிக்க விலங்குகள்) வேட்டையாடி, கொம்புகளை வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. அவர் சம்மதம் போதுமா? என்னுடைய .243 ரைஃபிளை (சிறு தோட்டா ரகம்) எடுத்துப் போகலாமா?

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். நமீபியாவில் டிராஃபி வேட்டைக்கான, அதாவது கொம்பு, தோல் போன்றவற்றை நினைவுப்பொருளாக எடுத்துச்செல்லும் வேட்டைக்கான, பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பரிலும் ஜனவரியிலும் அனுமதி கிடையாது. முடிந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். மழை ஓய்ந்து, புதர்கள் இலை உதிர்த்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும் காலம் அது.

நண்பரின் சம்மதம் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பலரும் தடுமாறும் இடம் இது. 1975-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், முறைப்படி வேலியிட்ட பண்ணையின் உரிமையாளருக்கு அங்குள்ள குடூ, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் போன்ற விலங்குகள்மேல் உரிமை தந்தது. அந்த உரிமை அவரோடு நிற்கிறது. வெளிநாட்டு விருந்தாளிக்குக் கைமாறாது. கொம்புக்காக வேட்டையாட வரும் வெளிநாட்டவருக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் டிராஃபி வேட்டை அனுமதிச் சீட்டும் வேண்டும், பதிவுபெற்ற வேட்டை வழிகாட்டி கூடவே இருக்கவும் வேண்டும். உங்கள் ஜெர்மன் உரிமம் இவை எதற்கும் ஈடாகாது.

நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் பெயரில் வழிகாட்டிப் பதிவு இருக்கிறதா, எந்தப் பிரிவில்? சாதாரண வேட்டை வழிகாட்டி, பதிவில் உள்ள ஒரே பண்ணையில்தான் வேட்டை நடத்தலாம். மாஸ்டர் வழிகாட்டி தன் பண்ணையோடு இன்னும் இரண்டு பண்ணைகளில் நடத்தலாம். தொழில்முறை வேட்டையாளருக்கு நாடு முழுவதும் திறந்திருக்கும். யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு அவரும் தனித்தகுதி பெற்றிருக்க வேண்டும். ஒரு வழிகாட்டியோடு ஒரே சமயத்தில் அதிகபட்சம் 2 வேட்டைக்காரர்கள். நண்பருக்குப் பதிவு இல்லையென்றால் தொழில்முறை வேட்டையாளர் ஒருவரை அவர் அமர்த்த வேண்டும். பதிவுச் சான்றின் நகலை விமானச் சீட்டு எடுக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள்.

அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, வழிகாட்டி. உங்கள் பெயர், கடவுச்சீட்டு எண், வேட்டை நடக்கும் பண்ணை எல்லாம் அதில் வரும். ஒரு சீட்டில் ஓர் இனத்துக்கு 2 டிராஃபிக்கு மேல் கிடையாது. முதல் குண்டு வெடிக்கும் முன் சீட்டு கையில் இருக்க வேண்டும். “சுட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்றுமதி அனுமதிக்கு அடிப்படையே இந்தச் சீட்டுதான். அது இல்லாத கொம்பு நாட்டைவிட்டு முறைப்படி வெளியேற முடியாது, சட்டவிரோத வேட்டை என்ற வழக்கும் வரலாம். பக்கத்துப் பண்ணைக்குள் ஓடிய குடூவைத் தொடர்ந்துபோய்ச் சுடுவதும் இதே வம்பில்தான் முடியும்.

உங்கள் .243 வீட்டிலேயே இருக்கட்டும். சட்டம் பார்ப்பது குழல்வாயில் தோட்டாவுக்கு உள்ள ஆற்றலை. ஸ்பிரிங்பாக் அளவு விலங்குகளுக்கு 1,350 ஜூல், குடூ, ஓரிக்ஸ், எலாண்டுக்கு 2,700, காட்டெருமை, யானைக்கு 5,400. வழக்கமான 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடையுள்ள .243 தோட்டா ஏறக்குறைய 2,640 ஜூலோடு நின்றுவிடும். .30-06 என்ற பெரிய ரகத் தோட்டா என்றால் தாராளம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஓரிக்ஸ் தோள்பட்டை கனமானது. சிறு தோட்டா உள்ளே போகாமல் விலங்கு காயத்தோடு ஓடி வதைபடும். அப்படித் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் வாங்குவது அங்கே வழக்கம். கைத்துப்பாக்கியும் அரைத் தானியங்கித் துப்பாக்கியும் வேட்டைக்குத் தடை.

வேறு துப்பாக்கியை எடுத்துப்போனால் விண்ட்ஹூக் விமான நிலையத்தில் காவல் துறையின் தற்காலிக இறக்குமதிப் படிவத்தை நிரப்ப வேண்டும். உரிமையாவணத்தில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது, வீட்டிலேயே ஒப்பிடுங்கள். தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகவே இருக்கட்டும். ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போய், அங்கே பெட்டியை வெளியே எடுக்க நேர்ந்தால் தென்னாப்பிரிக்க அனுமதியும் தேவை. அதற்கான எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கக் காவல் துறை) 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் அங்குள்ள காவலர் முன்னிலையில்தான் போட வேண்டும். முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டிவரும். ஒரே ஒரு வேட்டைக்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை. வழிகாட்டியின் ரைஃபிளை வாடகைக்கு எடுப்பதே என் பரிந்துரை.

கொம்பும் தோலும் உங்களோடு அதே விமானத்தில் வராது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, தோலை உப்பிட்டு உலர்த்தி, மருந்தில் முக்கி, கால்நடை மருத்துவச் சான்றோடு சரக்காக வரும், மாதக்கணக்காகும். குடூவும் ஓரிக்ஸும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால் அதற்கான தாள்கள் தேவையில்லை. ஆசைப்பட்டு ஹார்ட்மன் மலை வரிக்குதிரையையும் சேர்த்தால் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி தேவைப்படும். ஒச்சிவரோங்கோ, கோமாரி நோய்க்கான கால்நடைத் தடுப்பு வேலிக்குத் தெற்கே இருப்பது இன்னொரு வசதி. வேலிக்கு வடக்கே சுட்ட விலங்கின் தோலையும் இறைச்சியையும் கால்நடைத் துறை அனுமதி இல்லாமல் தெற்கே கொண்டுவர முடியாது. நண்பர் வடக்கேயும் ஒருநாள் போகலாம் என்றால், துப்பாக்கியை எடுக்கும் முன் இதை வழிகாட்டியிடம் பேசி முடியுங்கள்.