சாளக்கிராமம் முதல் ஸ்டில்ட் பார்க்கிங் வரை: நிலம் பற்றி நீங்கள் கேட்டவை

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சாளக்கிராமம் இருக்கிறது. அது கடல் உயிரினம் என்கிறான் பேரன். இமயமலைக் கல் எப்படிக் கடலிலிருந்து வரும்?
- வாசகி, திருவல்லிக்கேணி

பேரன் சொல்வது சரி. கல்லுக்குள் நீங்கள் பார்க்கும் சக்கரம், கணவாய் மீனுக்கு உறவான அம்மோனைட் என்ற உயிரினத்தின் கூடு. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டெதிஸ் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாகிப்போனது. தெற்கேயிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதியபோது, நடுவில் இருந்த கடலடிப் படிவங்கள் நெருக்குண்டு, மடிந்து மேலே எழுந்தன. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். முக்திநாத் பக்கம் காளி கண்டகி ஆறு அந்தப் பாறையை அரித்துத்தான் உங்கள் பூஜையறைக் கல்லை வெளியே கொண்டுவந்தது.

மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. மலையை வளர்க்கும் அதே அழுத்தம்தான் அன்று வீடுகளையும் சாய்த்தது.

பாறை மடிந்திருப்பதாகப் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். கல் உடையத்தானே செய்யும்?
- பிளஸ் டூ மாணவர், பெரம்பூர்

ஜவ்வு மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறி இறுகியதை ஓங்கித் தட்டினால் தெறிக்கும். கைச்சூட்டில் மெல்ல இழுத்தால் நூலாக நீளும். பாறையும் அப்படித்தான். தரைக்குப் பக்கத்தில் குளிர்ந்திருக்கும் பாறை உடைகிறது. அந்த உடைப்பில் பாறை சட்டென்று வழுக்குவதே நிலநடுக்கம். பல கிலோமீட்டர் ஆழத்தில் சூடும் அழுத்தமும் லட்சக்கணக்கான ஆண்டு அவகாசமும் கிடைத்தால், உருகாமலேயே வளைகிறது.

பல்லாவரம் மலைக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு என்கிறார்களே?
- வாசகர், குரோம்பேட்டை

உண்டு. கொல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லும் இங்குள்ள கல்லும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், அதற்கு ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இது உருவானது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில். இன்று பறங்கிமலைப் படிகளில் ஏறும்போது அதைத் தொட முடிகிறது என்றால், மேலே இருந்த அத்தனை பாறையும் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போயிருக்கிறது. ஜல்லிக்காக உடைத்தது போக மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

ரிக்டர் அளவில் 6-க்கும் 7-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம்?
- வாசகர், ஆவடி

வெளிப்படும் ஆற்றலில் சுமார் 32 மடங்கு.

சென்னையில் பெரிய நிலநடுக்கம் வருமா? எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள்தான், கார் நிறுத்துகிறோம்.
- வாசகி, வேளச்சேரி

வாய்ப்பு குறைவு, வரவே வராது என்று சொல்ல மாட்டேன். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 1993-ல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்களே, அதுவும் உறுதியானது என்று நம்பிய தக்காணப் பாறைதான். 2002-ல் திருத்திய நிலநடுக்க அபாய வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் அதைவிடக் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

எனக்குக் கவலை உங்கள் கீழ்த்தளம்தான். மேல்மாடிகளில் சுவர்கள் இருப்பதால் அவை ஒரே பெட்டிபோல இறுகி நிற்கும். நிலம் ஆடும்போது ஆட்டம் முழுவதையும் கீழே உள்ள தூண்கள் மட்டுமே தாங்க வேண்டும். 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் பக்கம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் இந்த வகை அடுக்குமாடிகள் பல சரிந்தன. உங்கள் பகுதியின் ஈரக் களிமண் வேறு அதிர்வைக் கூட்டிக் காட்டும். அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் கட்டட வரைபடத்தைக் காட்டுங்கள். தூணின் இரு முனைகளிலும் ரிங் கம்பி நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா, அதன் நுனி உள்பக்கமாக மடக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தூணைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டிக் கான்கிரீட் போடலாம். சில இடங்களில் தூண்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். இன்னொரு காருக்கு இடம் வேண்டுமென்று இருக்கும் சுவரை மட்டும் இடித்துவிடாதீர்கள், அம்மா.

2004-ல் அலை வந்தது. 2012-லும் சுமத்ரா பக்கம் பெரிதாக நடுங்கியது, ஏன் வரவில்லை?
- வாசகர், காசிமேடு

2004-ல் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி உடைந்து மேலே தூக்கியது. மேலே இருந்த தண்ணீரும் கூடவே எழும்பியது. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் நடுங்கியபோது பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின, தண்ணீரைத் தூக்கவில்லை. ஆனால் கரையில் நிற்கும் உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2004-ல் காலை ஆறரை மணிக்கு நடுங்கியது, இங்கே அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அன்று எச்சரிக்க யாரும் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், வலையையும் படகையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.