தாய்மாமன் சீருக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறேன். முந்தாநாள் ராத்திரி மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி, காய்ச்சல். பாளையங்கோட்டையில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பித்தப்பையில் கல், அழற்சி. இப்பவே லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியாக, பித்தப்பையை எடுத்துவிடலாம், 75,000 ஆகும் என்கிறார் டாக்டர். கையிலுள்ள 90,000 அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணச் சீருக்கு வைத்தது. முன்னால் செய்த சீர்களுக்காக வாங்கிய ஒன்றரை லட்சம் மூணு வட்டியில் நிற்கிறது. வலி அடங்கியதும் கூட்டிவந்து, புது இன்ஷூரன்ஸ் எடுத்து, ஆறு வாரம் கழித்துச் செய்யலாம் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: அண்ணாச்சி, அந்தப் பணம் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். வலி தொடங்கி மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது, ஒரு வாரம் வரை தாழ்வில்லை. அதற்குப் பின் அழற்சியால் சதை ஒட்டிக்கொள்ளும். டாக்டரே ஆறு வாரம் பொறுக்கச் சொல்லலாம். அதற்குள் வலி திரும்பலாம், கல் பித்தக்குழாயில் இறங்கிக் காமாலையும் வரலாம். 2013இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குச் சிக்கல்; மருந்து கொடுத்துத் தள்ளிப்போட்டவர்களில் 34 சதவீதம். செலவும் இவர்களுக்கே அதிகம்.

உங்கள் கணக்கும் அப்படித்தான் வரும். இப்போது வார்டு, மருந்துக்கு 20,000 என்று வையுங்கள். பிறகு மறுபடி 75,000. இரண்டு தடவை தொழில் முடக்கம் வேறு.

ஏஜென்ட் பேச்சை விடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. நோயை மறைத்து எடுத்தால் பிரீமியம் கட்டியும் க்ளெய்ம் கிடைக்காது. அதைவிட, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தகுதி உண்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆனால் அலைச்சலில் நாட்களைக் கடத்திவிடாதீர்கள்.

உங்களை அரிப்பது கடன் வாங்கிச் சீர் செய்யும் பழக்கம். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 வட்டி. மூன்று வருடம் முடியுமுன்னே அசல் அளவு வட்டி போய்விடும், அசல் அப்படியே நிற்கும். அக்காவிடம் நீங்களே பேசுங்கள், மச்சானைத் தூது விடாதீர்கள். மிச்சமிருக்கும் 15,000க்குள் பட்டுச்சேலையும் மாலையும் போதும். மனைவி வீடு திரும்பியதும் கடனை வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலும் வட்டி 1,500தான்; மிச்சமாகும் 3,000 மாதாமாதம் அசலில் கழியட்டும்.